வெண்கட்டி வட்டங்கள்

என் மனுசனுக்கு ரயில் எஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கோயிலில் என்னைக் கண்டால் சனம், "உங்கட அவர் பெரிய ரயில் எஞ்சினியராமே, சிவனேஸ்வரி அக்கா?" என்று கேட்கிறது. எஞ்சினியரும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. கதிர்காமநாதன் யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அரிசி நிறுப்பார், மண்ணெண்ணெய் அளப்பார், வருகிற பெண்டுகளோடு ஊர்க்கதை கதைப்பார். எங்கள் பக்கத்துக்கு ரயில் வருவது நின்று எத்தனையோ காலத்துக்குப் பிறகுதான் எங்களுக்குக் கலியாணமே நடந்தது.

பிறகு எல்லாரையும் போல அவரும் ஓடினார். படகில் ஏறினார், கிறிஸ்மஸ் தீவில் இறங்கினார், அகதி முகாம் வேலிக்குள் கிடந்தார், விசா கிடைத்து மெல்பேர்ணுக்கு வந்தார். நானும் மகள் மயூராவும் பின்னால் விமானத்தில் வந்து சேர்ந்தோம். டண்டினொங்கில் கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. வருகிற சாமானைப் பெட்டியில் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த நாடு கார் செய்வதையே நிறுத்தியபோது அதையும் மூடிவிட்டார்கள். பிறகு ஒரு கிடங்கில் கொஞ்சக் காலம் நின்றார். முழங்கால் போனது, அந்த வேலையும் போனது.

தலை நரைத்த மனிதனை யார் எடுப்பார்கள்? வேலை தேடித்தருகிற அலுவலகத்துப் பெண்பிள்ளை, சம்பளம் இல்லாமல் எங்காவது தொண்டு வேலை செய்தாலும் அரசாங்கக் கொடுப்பனவு நிற்காது என்று சொல்லி, கணினியைத் திருப்பிக் காட்டினாளாம். முதியோர் இல்லம், பழைய உடுப்புக் கடை, அதற்குக் கீழே ரயில்வே. இவர் ரயில்வேயில் விரலை வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"ரயில்வேயில ஒருக்கா காலை உள்ளுக்கு வைச்சாக் காணும், சிவனேசு. பேந்து மெல்ல மெல்லப் பெர்மனென்ற் ஆக்கிவிடுவாங்கள்," என்றார்.

முதல் நாள் அயன் பண்ணிய வெள்ளைச் சேட்டு, மினுக்கிய சப்பாத்து, கையில் சேட்டிபிக்கற் அடங்கிய ஃபைல். நானும் திருநீறு பூசி வாசல்வரை வந்து அனுப்பினேன். பின்னேரம் திரும்பி வந்தபோது சேட்டு கன்னங்கரேல் என்று இருந்தது.

"என்னப்பா இது கோலம்?"

"ரயில்வே எண்டது ஒரு தகரக் கொட்டில். உள்ளுக்கு நாலைஞ்சு வெள்ளைக்காரக் கிழடுகள், ஒரு கறள் பிடிச்ச பழைய எஞ்சின். என்னை அதுக்கு அடியில படுத்துக் கறள் சுரண்டச் சொன்னாங்கள்."

"சம்பளம்?"

"தேத்தண்ணியும் பிஸ்கற்றும்."

எனக்கு வந்த விசருக்கு அளவே இல்லை. நாளைக்கே போய் உடுப்புக் கடைக்கு மாறுங்கள் என்று கத்தினேன். "ஓம், ஓம், மாறுறன்," என்றார். மாறவில்லை. அடுத்த கிழமையும் போனார், அதற்கடுத்த கிழமையும் போனார். தொண்டு வேலைக்குச் சொல்லிய நாட்கள் முடிந்த பிறகு சும்மாவும் போகத் தொடங்கினார். குசினிக் கதிரையில் இருந்து சோறு தின்னும்போதும் அந்த எஞ்சின் கதைதான்.

ஐம்பதுகளில் இங்கிலாந்தில் ஒரு பட்டறையில் செய்து, கப்பலில் ஏற்றி, இங்கே துறைமுகத்தில் இறக்கினார்களாம். சனத்தை ஏற்றுகிற வடிவான எஞ்சின் இல்லை, சாமான் இழுக்கிற எஞ்சின். வடக்கே வறண்ட நிலத்தில் விளைகிற கோதுமை, பசளை, ஆடு, நிலக்கரி என்று எதைக் கட்டிவிட்டாலும் இழுத்துக்கொண்டு போகுமாம். டீசல் எஞ்சின் வந்ததும் 'நீ போ' என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒரு சின்னப் பட்டணத்துப் பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடவும் நாய் காலைத் தூக்கவும் எத்தனையோ வருடம் நின்றதாம். கடைசியில் கொலின் என்பவர் தன் கூட்டாளிகளோடு போய் நகரசபையிடம் கெஞ்சி, டண்டினொங்குக்கு அப்பால் உள்ள இந்தக் கொட்டிலுக்குக் கொண்டு வந்தார். கொலின் இளவயதில் அதே எஞ்சினின் கடைசி ஓட்டங்களில் கரி அள்ளிப் போட்டவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார், காதும் அரைவாசி கேட்காது.

"அதுவும் என்னைப் போலக் கப்பலில வந்தது," என்று இவர் சிரிப்பார். "ஆனா அதிட்ட ஒருத்தரும் விசா கேக்கேல்லை."

வெள்ளைக்காரன் எஞ்சினைப் பெண்ணாகத்தான் சொல்லுவான். இவருக்கும் அது தொற்றிவிட்டது. "இண்டைக்கு அவவுக்கு முன் சில்லு பூட்டினனாங்கள்." "அவவின்ர புகைக்கூட்டுக்குப் பெயின்ற் அடிச்சது." அறுபது வயதில் எனக்கு ஒரு சக்களத்தி, அதுவும் இரும்பில். மயூராவிடம் முறையிட்டால், "அம்மா, இட்ஸ் எ ட்ரெயின்," என்று சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளுவாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கொட்டிலுக்குப் போகத் தொடங்கிய பிறகு மனுசன் இரவில் ஒழுங்காக நித்திரை கொண்டார். வேலை போன நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தவர், திரும்பவும் பகிடி விடத் தொடங்கினார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை துடைப்பது, சுரண்டுவது, எண்ணெய் பூசுவது. வேறொன்றும் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த எஞ்சின் ஒருநாள் தன் ஆவியில் தானே நகர வேண்டும், அதை அவர் பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் போன வருடம் ஒரு வழி பிறந்தது. கொட்டில் நின்ற காணியை விற்றுவிட்டார்கள், கொஞ்சக் காலத்தில் காலி பண்ண வேண்டும். அதே நேரம், நாட்டுப்புறத்தில் சுற்றுலா ரயில் ஓட்டுகிற ஒரு சங்கம், இவர்களுடைய எஞ்சினை எடுத்து ஓடவிடச் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை. வருடம் முடிவதற்குள் கொதிகலன் சோதனையில் தேறிய பத்திரம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர்கள் வேறோர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுவார்கள், இது பழைய இரும்புக்குப் போகும்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் விளங்கப்படுத்தியவன் பார்த்தசாரதி. சென்னைப் பிள்ளை, டார்னெய்ட்டில் இருக்கிறான், கணினி வேலை. சனிக்கிழமைகளில் அவ்வளவு தூரம் கார் ஓடி இந்தக் கொட்டிலுக்கு வருவான். அவனுக்கும் விசர்தான்.

"ஆன்ட்டி, நெருப்பு எரியற பெட்டி இருக்குல்ல, அதுக்கு உள்சுவர் ஒண்ணு, வெளிச்சுவர் ஒண்ணு," என்று என் குசினியில் இரண்டு சட்டியை ஒன்றுக்குள் ஒன்று வைத்துக் காட்டினான். "நடுவுல தண்ணி. ரெண்டு சுவரையும் நூத்துக்கணக்கான இரும்புக் கம்பி இழுத்துப் பிடிச்சிட்டிருக்கும். அதுல சிலது உள்ளுக்குள்ள ஒடஞ்சிருந்தா வெளிய தெரியாது. ஒரு இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொண்ணா சுத்தியால தட்டிக் கேப்பாரு. ஒடஞ்சதுக்கு மேல சாக்பீஸால ஒரு வட்டம் போடுவாரு. நாங்க அதை மட்டும் மாத்தினா போதும், டெஸ்ட் பாஸ்."

"வெண்கட்டியாலயோ?" என்றேன். "அவ்வளவுதானோ?"

"ஆமா ஆன்ட்டி, அவ்வளவுதான்."

அந்தச் சோதனைக்காரர் அடிலெய்ட்டிலிருந்து வந்தார். இந்த வகைக் கொதிகலனைத் தட்டிப் பார்த்துக் கையெழுத்து வைக்க உரிமை உள்ளவர்கள் இந்த நாட்டிலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்தானாம். அவர் வந்தது ஒரு வேலை நாள். அன்றைக்கென்று என் மனுசனுக்கு வேலைதேடும் அலுவலகத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். போகாவிட்டால் கொடுப்பனவை வெட்டுவார்கள், போனார். பார்த்தசாரதி லீவு போட்டுவிட்டுக் கொட்டிலில் நின்றான். சோதனைக்காரர் நாள் முழுக்க உள்ளே இருந்து தட்டி, வட்டம் போட்டு, 'மோசமில்லை, இவற்றை மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள், கையெழுத்து வைக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை எல்லாரும் கூடி, வட்டங்களைப் பார்த்து ஒவ்வொன்றிலும் ஆணியால் குத்தி அடையாளம் வைத்து வேலையைத் தொடங்குவதாகத் திட்டம். கொலின் நெருப்புப் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் ஆயுதபூசை.

எங்கள் ஆட்களுக்கு ஆயுதபூசை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கத்தி, கத்தரிக்கோல், தையல் மெசின், கார் எல்லாம் கழுவித் துடைத்து வைத்துத்தான் பொட்டு வைக்க வேண்டும். அழுக்கோடு பூசைக்கு வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. இவர் முன்கூட்டியே கொலினிடம் கேட்டிருந்தார்: "நாங்கள் வருசத்தில ஒருநாள் ஆயுதங்களைக் கும்பிடுறனாங்கள். எஞ்சினுக்கும் செய்யட்டோ?" நெருப்பு மூட்டாதவரைக்கும் என்னவும் செய் என்று கொலின் கொட்டில் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டார்.

ஸ்பிரிங்வேல் கடைகளுக்குப் போய்த் தேங்காய், எலுமிச்சம்பழம், செவ்வந்திப் பூ எல்லாம் வாங்கினோம். நான் கடலை அவித்தேன், சர்க்கரைப் புக்கை பொங்கினேன். கொட்டிலில் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை. அன்றைக்குத்தான் நான் அந்தச் சக்களத்தியை முதல்தரம் கிட்டப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, கம்பீரமாகத்தான் நின்றாள். நான் வெளியே பூக் கட்டிக்கொண்டிருக்க, இவர் வாளியில் தண்ணீரும் துணியுமாகச் சில்லு, தண்டு, விளக்கு என்று எல்லாவற்றையும் துடைத்தார். பிறகு நெருப்புப் பெட்டியின் சின்னக் கதவைத் திறந்தார்.

"அதுக்குள்ள என்னத்துக்கப்பா? முழங்கால் இருக்கிற இருப்புக்கு."

"அடுப்பை வழிக்காமப் பூசை செய்யிறதே?" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து நுழைந்துவிட்டார். என் உடம்புக்கு அந்த ஓட்டைக்குள் தலை மட்டும்தான் போகும். அதனால் நான் எட்டியும் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து அவருடைய சத்தம் கேட்டது. "உந்தப் பிள்ளையள் செய்த வேலையைப் பாரும்! சுவரிலயும் கிறுக்கி வைச்சிருக்குதுகள்."

முந்தின கிழமை பள்ளிக்கூட விடுமுறைக்குக் கொட்டிலைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தார்கள். தரையில் படம் கீறச் சொல்லி வெண்கட்டியும் கொடுத்திருந்தார்கள். தரையெல்லாம் பூவும் ரயிலுமாக இன்னும் கிடந்தது. சோதனைக்காரர் வெண்கட்டியால் குறிப்பார் என்று பார்த்தசாரதி எனக்குச் சொன்ன நேரம் மனுசன் வீட்டில் இல்லை, அதனால் அதுதான் இதுவும் என்று நினைத்துவிட்டார். கிறுக்கல் என்று கேட்டதும் எனக்கும் அந்த வட்டங்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. ஈரத்துணியால் ஒருதரம், உலர்ந்த துணியால் ஒருதரம், பிறகு எண்ணெய் தொட்டு ஒருதரம். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, "இப்பப் பாரும், மினுங்குது," என்றார். சந்தனம் வைத்தோம், மாலை போட்டோம், சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம், தேங்காய் உடைத்தோம். அது சரிபாதியாக உடைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பார்த்தசாரதி.

"ஆன்ட்டி, அங்கிள் இருக்காரா? பூஜை பண்ணப்போ... உள்ள யாராச்சும் தொடச்சீங்களா?"

"ஓம் தம்பி. அவர்தான் உள்ளுக்கு இறங்கி வடிவாத் துடைச்சவர். ஏன்?"

அவன் பக்கத்தில் நின்ற யாருக்கோ இங்கிலீசில் ஏதோ சொன்னான். பிறகு, "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, அங்கிளைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க," என்றான். நான் போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் எஞ்சினுக்கு முன்னால் நின்றார்கள். நாங்கள் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. பார்த்தசாரதி தமிழில் மெதுவாகச் சொன்னான். அவன் சொல்லி முடிக்கும் முன்பே இவருக்கு விளங்கிவிட்டது. "ஐயோ, நான் பிள்ளையள் எண்டெல்லே நினைச்சனான்," என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு கொலினுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் கூப்பினார். கொலின் அவருடைய தோளில் தட்டி, "பரவாயில்லை, மேட்," என்றார். எஞ்சினுக்குப் பூசை என்றால் வெளியே பூப் போடுவார்கள் என்றுதான் அந்த மனிதன் நினைத்திருப்பார். வயிற்றுக்குள்ளும் இறங்கித் துடைப்போம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லிவிட்டுக் கொலின் வெளியே போய்த் தன் காருக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, எங்கும் போகாமல் இருந்தார். நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் என் மனுசனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். யாரும் திட்டவில்லை.

சோதனைக்காரருக்கு எடுத்துச் சொன்னார்கள். அவர் அடுத்த வேலைக்கு மேற்கே போய்விட்டார், புது வருடம் பிறந்து மாதங்கள் கழித்துத்தான் இந்தப் பக்கம் வர முடியும் என்றார். எதெது உடைந்தது என்று நினைவில்லையா என்று கேட்டதற்கு, அதற்குத்தானே வட்டம் போட்டேன் என்றாராம். துடைத்த இவருக்கும் அந்த இருட்டில் எது எங்கே கிடந்தது என்று நினைவில்லை. வேறு ஆளும் கிடைக்கவில்லை. ஒருவர் நியூசிலாந்தில், இன்னொருவருக்கு நெஞ்சு ஒப்பரேசன்.

பார்த்தசாரதிக்குத் திடீரென்று ஒரு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவன் போனில் ஒரு படம் எடுத்திருந்தான். எல்லாரும் அவனைச் சுற்றிக் குவிந்தார்கள். படத்தில் சோதனைக்காரரின் முதுகு முழுசாகத் தெரிந்தது. முதுகுக்கு ஓரத்தில் ஒரேயொரு வட்டம், அதுவும் பாதி. என் மனுசன் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த முதுகு நகருமா?

"எல்லாத்தையும் மாத்தினால் என்ன?" என்று நான் கேட்டேன். கொலின் இல்லை என்று தலையை ஆட்டினார். அவ்வளவையும் கழற்றிப் பூட்ட ஒரு வருடத்துக்கு மேல் போகுமாம், அதற்கு ஆட்களும் இல்லையாம்.

அதன் பிறகு என் மனுசன் ஒவ்வொரு நாளும் போனார். ஒரு சின்னச் சுத்தியலோடு நெருப்புப் பெட்டிக்குள் இறங்கித் தட்டத் தொடங்கினார். நான் விட்டுவிட்டு வரவா? வெளியே கதவடியில் கதிரை போட்டு இருந்தேன்.

"இஞ்சாரும், இது எப்பிடிக் கேக்குது?"

"டங் எண்டு கேக்குது."

"இது?"

"அதுவும் டங் எண்டுதான்."

"வடிவாக் கேளும், சிவனேசு. நீர் சங்கீதம் படிச்சனீர்தானே?"

பள்ளிக்கூடத்தில் நாலு தேவாரம் பாடினால் இரும்பு உடைந்த சத்தம் கேட்குமா? எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு தட்டு உடைந்த சத்தம் போலக் கேட்கும். அடுத்த தட்டும் அப்படியே கேட்கும். திரும்ப முதலாவதைத் தட்டினால் நல்லதாகக் கேட்கும். கையில் வெண்கட்டி வைத்திருப்பார், ஆனால் ஒரு வட்டமும் போடமாட்டார். பிழையாகப் போட்டுவிட்டு உடைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டால், கொதிகலன் வெடித்து ஆட்களைக் கொன்றுவிடும் என்று பயம். கொலினும் ஒருநாள் தன் காதில் மாட்டிய கருவியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். தட்டுகிறவருக்கும் தெரியவில்லை, கேட்கிறவருக்கும் தெரியவில்லை.

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. என்னுடைய சட்டி பானைகளை வரிசையாக வைத்துத் தட்டிப் பழகினார். மயூரா ஒருநாள் பொறுக்காமல் அறையை விட்டு வந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ப்ளீஸ் ஸ்டொப். இட்ஸ் நொட் யுவர் ஃபோல்ற்."

"அப்ப ஆரின்ர பிழை, பிள்ளை?" என்று இவர் கேட்டார்.  கும்பிடப் போனது பிழையா? சுத்தமாக வைத்துக் கும்பிடு என்று எங்களைப் பழக்கியவர்கள் பிழையா? எங்கள் சாமித்தட்டுப் பிள்ளையார் மீது எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு கிழமை விளக்குக்கூட வைக்கவில்லை. பிள்ளையார் தன் பாட்டுக்கு இருந்தார்.

வருடம் முடிந்தது. சுற்றுலா ரயில் சங்கம் மிக மரியாதையாக வருத்தம் சொல்லிவிட்டு, வேறோர் எஞ்சினை எடுத்துக்கொண்டது. கொலின் அரும்பொருட் காட்சிச்சாலைகளைக் கேட்டார், நகரசபைகளைக் கேட்டார், பூங்காவில் நிறுத்திய அந்தச் சின்னப் பட்டணத்தையும் கேட்டார். ஒருவரிடமும் இடமில்லை. சோதனைக்காரர் வருகிறேன் என்று சொன்ன மாதம் வந்தபோது, எதற்கு வரவேண்டும் என்று கொலினே நிற்பாட்டிவிட்டார். கையெழுத்துக் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ள ஆள் இல்லையே.

ஜூன் மாதக் குளிரில் வெட்ட வந்தார்கள்.

போகாதேயுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "தனிய விட ஏலாது," என்றார். அன்றைக்கு வானம் வெளித்து, வெயில் சரிந்து அடித்தது. எஞ்சினை வெளியே முற்றத்துக்கு இழுத்திருந்தார்கள். அதைத் தன் ஆவியில் நகரப் பார்க்க வேண்டும் என்று கிடந்த மனுசன், ஒரு கயிறு கட்டி லொறி இழுத்து நகர்ந்ததை நின்று பார்த்தார். காஸ் நெருப்பால் வெட்டுகிறவர்கள் முதலில் புகைக்கூட்டை எடுத்தார்கள். பிறகு பக்கத் தகடுகள். கொலின் ஒரு கதிரையில் இருந்தார், பார்த்தசாரதி அவருக்குப் பின்னால் நின்றான். மதியத்துக்குப் பிறகு நெருப்புப் பெட்டியைத் துண்டாக வெட்டி, பளுதூக்கியால் உள்சுவர் ஒன்றைத் தூக்கி, வெயிலில் சாய்த்து வைத்தார்கள்.

இருட்டுப் பெட்டிக்குள் இருந்த சுவர் முதல்தரம் வெளிச்சத்துக்கு வந்தது. இவர் பூசிய எண்ணெய் எப்போதோ காய்ந்து, மழைக் குளிருக்கு முழுவதும் சிவப்பாகக் கறள் பூத்திருந்தது.

பார்த்தசாரதிதான் முதலில் கண்டான். "அங்கிள்," என்றான்.  கையை நீட்டிக் காட்டினான்.

சுவரின் மேல் மூலையில், சிவந்த துருவுக்கு நடுவே, வெளிறிய வட்டங்கள். வெண்கட்டி பட்டிருந்த இடத்தில் மட்டும் கறள் சரியாகப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வட்டமும் கோடு பிசகாமல், அந்தச் சோதனைக்காரர் போட்டபடியே இருந்தது. இவர் துடைத்த நேரம் அது தெரியவில்லை. இவர் மாதக்கணக்காக உள்ளே டோர்ச் அடித்துத் தட்டிய நேரமும் தெரியவில்லை. சுவரில் கறள் பிடித்து, வெட்டி வெளியே எடுத்து, வெயிலில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

அவ்வளவும் ஒரே மூலையில். கொஞ்சம்தான். இரண்டு மூன்று சனிக்கிழமைகளில் மாற்றி முடித்திருக்கலாம் என்று கொலின் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கிழவனும் என்ன செய்வார், வாயில் வந்துவிட்டது.

என் மனுசன் முழங்காலை இழுத்து இழுத்து அந்தச் சுவருக்குக் கிட்டப் போனார். ஒரு வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு அடுத்ததன் மேல் மற்றக் கையை. வெட்டுகிறவன் முகமூடியை உயர்த்தி, "ஆர் யூ ஓகே, மேட்?" என்று கேட்டான். இவர், "யெஸ், யெஸ், ஓகே," என்று சொல்லி விலகி நின்று அவனுக்கு வழி விட்டார். அவன் மிச்சத்தையும் வெட்டினான். நாங்கள் லொறி போகும்வரை நின்றோம். அதைப் பிடித்து நிறுத்த எங்களிடம் என்ன இருந்தது?

காரில் ஏறிய பிறகு பார்த்தேன், அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் கறள் ஒட்டிச் சிவப்பாக இருந்தன. என் கைப்பையில் எப்போதும் ஈரத்தாள் இருக்கும். பழக்கதோசம், ஒன்றை எடுத்து அவருடைய கையைப் பிடித்தேன்.

அவர் விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டார்.

"துடைக்காதையும்," என்றார். அதற்குப் பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நான் ஈரத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கண்ணீரைத் துடைக்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.